பெரட்டு இல்லாத நான்கு நாட்கள்

நம் தோட்டப்புற மக்களுக்கு ஓய்வு நாட்கள் குறைவு என்பது உண்மை. கிடைக்கின்ற ஓய்வு நாட்களைக் கழிக்கும் முறையை நம்மவர் இன்னும் பழகிக் கொள்ளவில்லை என்பதும் உண்மையே. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஓரிடத்தில் இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 8 நாளும், இரண்டாண்டு நிறைந்து ஐந்தாண்டு நிறையாதவருக்கு 12 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் செய்தவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. அந்த நாட்கள் எங்கே போகின்றன? விடுப்புத் தாள்கள் யாவும் கிராணியாகிய நமது மேசைக்கே வந்து சேர்வதால் இதற்கு விடை கூறும் தகுதி நமக்கு உண்டு. திருமணத்துக்கு இரண்டு, இழவுக்கு இரண்டு, திருவிழாவுக்கு மூன்று, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வங்கிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் ஒன்று என அவை கரைந்து விடுகின்றன. 'காரணம்' என்னும் கட்டத்தில் 'ஓய்வு' என்று எழுதப்பட்ட தாள்களைப் பத்தாண்டு உத்தியோகத்தில் நாம் விரல் விட்டு எண்ணி விடலாம்.

அப்படி யாரேனும் ஓய்வு என்று எழுதிக் கொடுத்துப் புறப்பட்டாலும், அவர்கள் செல்லும் விதம் எப்படி இருக்கின்றது? வேன் ஒன்று பேசப்படுகின்றது. பெண்கள் முன்னிரவு முழுதும் விழித்திருந்து புளிச்சோறும் சம்பலும் கட்டி வைக்கின்றனர். விடியற்காலை 3 மணிக்கு வேன் புறப்படுகின்றது. ஒரு கோயில், ஓர் அருவி, ஒரு கடற்கரை, ஒரு பேரங்காடி ஆகிய நான்கும் ஒரே பகலில் பார்த்து முடிக்கப்படுகின்றன. இறங்கிய இடந்தோறும் பெண்கள் பாத்திரத்தைத் திறந்து பரிமாறுகின்றனர். முதியவர்கள் வேனிலேயே அமர்ந்து காலைத் தடவிக் கொள்கின்றனர். நள்ளிரவில் வீடு திரும்பிய பின், மறுநாட்காலை வழக்கம் போல் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். இதற்கு உல்லாசப் பிரயாணம் என்று பெயர்! நிழற்படங்களைப் பார்ப்போருக்கு உல்லாசமாய்த் தான் இருக்கும். போய் வந்தவர்களோ நான்கு நாள் வேலை செய்தவர்களைப் போல் களைத்துக் கிடப்பார்கள்.

இவ்விஷயத்தை நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம், சென்ற மார்ச்சு மாதம் நமது குடும்பத்தார் ஐவரும் போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு விடுதியில் மூன்று இரவு தங்கி வந்ததேயாகும். விடுதியில் தங்கிக் கொண்டு, அங்கிருந்து பகற்பொழுதில் அக்கம் பக்கத்து இடங்களைக் கண்டு வருவதற்கு நாம் வகுத்த திட்டத்தையும், அதனால் அறிந்தவற்றையும் நேயர்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லி விடுவோம். அதைச் சொல்லாத பயணக் கட்டுரை நம்மவர்க்குப் பயன்படாது. விடுதி அறைக்கு, காலைப் பசியாறலுடன், வாரநாட்களில் ஓர் இரவுக்கு 240 வெள்ளி. மூன்று இரவுக்கு 720 வெள்ளி. அதே அறைக்கு வார இறுதியில் கூடுதலாகக் கேட்டார்கள். ஆதலால் செவ்வாய்க்கிழமை புகுந்து வெள்ளிக்கிழமை நீங்குவது என முடிவு செய்தோம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக இருக்கின்றது. அவ்வூதியம் பெறும் ஒரு குடும்பத்துக்கு 720 வெள்ளி என்பது ஏறத்தாழப் பதினொரு நாள் உழைப்புக்குச் சமம். நமக்கும் அஃது எளிய தொகையன்று. ஒன்பது மாதம் மாதந்தோறும் எடுத்து வைத்துச் சேர்த்தது. இவ்வளவு உழைப்பை விலையாகக் கொடுத்து வாங்கும் நாட்களை எண்ணிப் பாராமல் செலவிடலாகாது.

எண்ணிப் பார்த்ததில் முதலில் தெரிந்தது ஒரு கணக்கு. மூன்று இரவு என்றால் நான்கு நாள் என்று நாம் எல்லோரும் சொல்கின்றோம். ஆனால் விடுதியில் பிற்பகல் 3 மணிக்கே அறை கொடுப்பார்கள். கடைசி நாள் நண்பகல் 12 மணிக்கு அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பகாங் மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள நமது தோட்டத்திலிருந்து சென்று சேரவும் நேரம் பிடிக்கும். ஆகவே கையில் உள்ளவை முழு நாள் இரண்டும் அரை நாள் இரண்டுமே. இவற்றில் எதை வைப்பது, எதை விடுவது என்பதே திட்டம்.

நாம் முதலில் ஆங்கிலப் பயண வழிகாட்டிகளை எடுத்துப் பார்த்தோம். அவற்றிலிருந்து கிடைத்த செய்திகளுக்குக் குறைவில்லை. போர்ட்டிக்சனிலிருந்து தஞ்சோங் துவான் முனை வரை கடற்கரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளம். அதன் பகுதிகளை இன்னமும் நான்காம் மைல், ஏழாம் மைல் என்று பழைய மைல்கல் கணக்கிலேயே மக்கள் அழைக்கின்றனர். சிரம்பான் 32 கிலோமீட்டர் தொலைவு. 1891ஆம் ஆண்டில் சிரம்பானிலிருந்து இத்துறைமுகத்துக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டு, ஈயம் அதன் வழியே கப்பலேறியது. இன்று அப்பாதையில் வண்டி ஓடவில்லை. லுக்குட்டில் 1847ஆம் ஆண்டில் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டை உள்ளது. 1933ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் 25 இளைஞர்களைக் கொண்டு மலாய்ப் படைப்பிரிவு இவ்வூரிலேயே தொடங்கப் பெற்றது. தரைப்படையின் அருங்காட்சிச் சாலையும் இங்கேயே உள்ளது. பெங்காலான் கெம்பாஸில் மனிதரினும் உயரமாக நிற்கும் பழங்கற்கள் மூன்று உள்ளன. அவற்றை வாள் என்றும் அகப்பை என்றும் சுக்கான் என்றும் மலாய்க்காரர்கள் அழைக்கின்றனர். அருகே 15ஆம் நூற்றாண்டின் கல்வெட்டுக் கொண்ட கல்லறையும் உண்டு. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மலாக்கா நகரம். மறு திசையில் உள்ளே சென்றால் ஸ்ரீ மெனாந்தியில், ஆணியின்றி மரத்தால் இழைத்த பழைய அரண்மனை.

இவை அனைத்தும் காணத் தக்கவையே. ஆனால் அவ்வழிகாட்டிகள் யாருக்காக எழுதப்பட்டவை என்று ஒரு கணம் சிந்தித்தோம். ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோர், விடுமுறையிலாவது காலுக்கு வேலை கொடுக்க விரும்புவர். அவர்களுக்கு ஒரு நாளில் ஐந்து இடம் இன்பமாக இருக்கலாம். நம் மக்களோ ஆண்டு முழுதும் நடப்பவர்கள். செம்பனைக் குலை வெட்டுபவருக்கும் பால்மரம் சீவியவருக்கும் நடப்பது புதுமையன்று. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உண்டு: ஓரிடத்தில், யாரும் அழைக்காமல், நேரம் கேளாமல் உட்கார்ந்திருப்பது. ஆகவே பிறர் எழுதிய பட்டியலை அப்படியே நகல் எடுத்தால், அது நமக்கு மற்றொரு பெரட்டாகவே முடியும்.

ஆதலால் பட்டியலை ஒரு புறம் வைத்து விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு அஞ்சடியில் அனைவரையும் அமர்த்தி, அவரவர் விரும்புவது யாதெனக் கேட்டோம். பன்னிரண்டு வயது மூத்தவன், தஞ்சோங் துவான் முனையில் பருந்துக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றான். எட்டு வயது இளையவள், பாடப் புத்தகத்தில் உள்ள மலாக்காக் கோட்டை வாசலைப் பார்க்க வேண்டும் என்றாள். நமது மனைவியார் சற்று யோசித்து, "ஒரு முழு நாள் என்னை யாரும் ஒன்றும் கேட்காமல் இருக்க வேண்டும், 'அம்மா, அது எங்கே?' என்று கூடக் கேட்கக் கூடாது" என்றார். பிள்ளைகள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.

நமது அன்னையார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக் கொண்டிருந்தார். அவர் பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தோராண்டு பால்மரம் சீவியவர். இப்பொழுது முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. மீண்டும் கேட்ட போது, "என்னைய எங்கேயும் கூட்டிக்கிட்டுப் போக வேணாம், தம்பி. பொழுது சாயுறப்ப ஏழாம் மைல்ல கடலுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தாப் போதும்" என்றார்.

காரணத்தைப் பிறகு மெல்லச் சொன்னார். 1977ஆம் ஆண்டில், நாம் பிறப்பதற்கு முன், அத்தோட்டத்தார் தொழிலாளரை லாரியில் ஏற்றி ஒரு நாள் போர்ட்டிக்சனுக்கு அழைத்துச் சென்றனராம். அன்னையாருக்கும் தந்தையாருக்கும் மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கடலை அன்று தான் அவர் முதன்முதலாகக் கண்டார். மாலையில் சூரியன் நீருக்குள் இறங்கும் என்று பக்கத்தில் பலகாரம் விற்றுக் கொண்டிருந்தவர் சொல்ல, இருவரும் அதற்காகக் காத்திருந்தனர். மூன்றரை மணிக்கு லாரிக்காரர் ஹாரனை அடித்தார். மறுநாள் பெரட்டு உண்டே! "இன்னொரு தடவை வந்து பார்த்துக்கலாம், புள்ளே" என்று தந்தையார் சொன்னாராம். அந்த இன்னொரு தடவை வரவேயில்லை. தந்தையார் 2009ஆம் ஆண்டில் காலமானார்.

இதைக் கேட்ட பின் திட்டம் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இருக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று மாலைகளும் அன்னையாருக்கு உரியவை. மாலை 6 மணிக்கு அனைவரும் ஏழாம் மைலில், தெலுக் கெமாங் கடற்கரையில் இருக்க வேண்டும். மார்ச்சு மாதத்தில் அங்கே சூரியன் மறைவது ஏறத்தாழ 7.25 மணிக்கு. வானம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாதாதலால், ஒரு மாலையை மட்டும் ஒதுக்குவது போதாது. மூன்றையும் ஒதுக்கி வைத்தோம். மற்றவை யாவும் எஞ்சிய நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

எஞ்சிய நேரத்தைப் பங்கிடும் போது, நமது விருப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பது விளங்கிற்று. வெயிலுக்கும் மழைக்கும் கடலுக்கும் பறவைக்கும் தனித்தனியே நேரம் உண்டு. கடலை எடுத்துக் கொள்வோம். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் ஆவதால், இன்று மாலை 4 மணிக்கு ஏறிய நீர் நாளை 4.50 மணியளவில் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் ஏற்றமும் மிகுதி, வற்றுதலும் மிகுதி. நீர் வற்றிய வேளையில் பிள்ளைகளைக் குளிக்க அழைத்துச் சென்றால், சேற்றிலும் பாறையிலும் நெடுந்தூரம் நடந்து முழங்காலளவு நீரைத் தேட வேண்டியிருக்கும். கைப்பேசியிலேயே ஏற்ற இறக்க அட்டவணை கிடைக்கின்றது. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மழையும் அப்படியே. மேற்குக் கரையில் மார்ச்சுக் கடைசி தொடங்கிப் பருவக்காற்று மாறும் காலத்தில், காலையில் தெளிந்திருக்கும் வானம் பிற்பகலில் இருண்டு இடியுடன் பெய்வது வழக்கம். ஆகவே தொலைவான பயணம் காலையில் முடிய வேண்டும். அருங்காட்சிச் சாலைகளுக்கோ வாரக் கணக்கு. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக அவற்றுள் பல இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூடப்படும். நாம் விடுதியை விட்டு நீங்குவது வெள்ளி நண்பகலாதலால், திரும்பும் வழியில் லுக்குட்டைப் பார்க்கலாம் என்பது வீண் எண்ணம். ஆனால் சிரம்பானிலிருந்து வரும் சாலையில் போர்ட்டிக்சனுக்கு முன்னதாகவே லுக்குட் வந்து விடுகின்றது. செவ்வாய்க்கிழமை அறை கிடைக்கும் 3 மணி வரை எங்கே காத்திருப்பது என்னும் கேள்விக்கும் அதுவே விடையாயிற்று.

பருந்துகளின் நேரமோ அனைத்திலும் கண்டிப்பானது. சைபீரியாவிலும் சப்பானிலும் குஞ்சு பொரிக்கும் தேன் பருந்துகள் குளிருக்கு அஞ்சித் தெற்கே வந்து சுமத்திரா முதலிய தீவுகளில் தங்கி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வடக்கே திரும்புகின்றன. இவை சிறகடித்து நெடுந்தூரம் பறக்க வல்லன அல்ல. நிலம் வெயிலில் காய்ந்து எழும் வெப்பக் காற்றிலேறி உயரம் பெற்று, பிறகு சறுக்கிச் செல்வதே இவற்றின் வழக்கம். கடலின் மேல் அத்தகைய காற்று எழாது. ஆதலால் நீரிணை குறுகிய இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. தஞ்சோங் துவானுக்கு எதிரே நீரிணையின் அகலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தான். சுமத்திராவில் நிலம் காய்ந்த பின்னரே புறப்பட வேண்டியிருப்பதால், அவை இங்கு வந்து சேர்வது முற்பகல் 11 மணிக்கு மேல். அவ்வேளையில் வெயில் கடுமை. அம்முனையோ செங்குத்தான தார்ச்சாலையில் ஏறிச் செல்ல வேண்டிய குன்று. அன்னையாரால் ஏற இயலாது.

இங்கே தான் நம்மவர் வழக்கமாகச் செய்யும் ஒன்றைச் செய்யாமல் விட்டோம். ஒருவருக்கு முடியாவிடில் எல்லோரும் போகாமல் இருப்பது, அல்லது முடியாதவரையும் இழுத்துச் சென்று வண்டியில் உட்கார வைப்பது என்னும் இரண்டையும் தவிர வேறு வழியில்லை என்று எண்ணுகின்றோம். குடும்பம் என்றால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று எந்தச் சட்டம் கூறுகின்றது? புதன்கிழமை பிள்ளைகள் இருவரையும் நாம் அழைத்துச் செல்வது, மனைவியாரும் அன்னையாரும் விடுதியில் இருப்பது என்று எழுதினோம். மனைவியார் கேட்ட நாளும் அதனால் அவருக்குக் கிடைத்தது.

திட்டப்படியே செவ்வாய் நண்பகல் லுக்குட்டில் இறங்கினோம். கோட்டை மேட்டில் பிள்ளைகள் ஏறி, அகழியையும் கிணற்றையும் பார்த்து வந்தனர். அடியிலுள்ள அருங்காட்சிச் சாலையின் நிழலில் அன்னையார் அமர்ந்திருந்தார். அங்கே, 1606ஆம் ஆண்டில் தஞ்சோங் துவான் முனைக்கு எதிரே டச்சுக்காரருக்கும் போர்த்துக்கீசியருக்கும் நடந்த கடற்போரில் மூழ்கிய நஸ்ஸாவ் என்னும் கப்பலைப் பற்றிய காட்சிகளைக் கண்டோம். மறுநாள் நாம் ஏறப் போகும் குன்று அதுவேயாதலால், மூத்தவனுக்கு அன்றே உற்சாகம் பிறந்து விட்டது. மாலை ஏழாம் மைலில் மேகம் திரை போட்டிருந்தது. சூரியன் எப்பொழுது மறைந்தது என்றே தெரியவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் அன்னையார்.

புதன்கிழமை 10 மணிக்குக் குன்றின் அடிவாரத்தில் இருந்தோம். அச்சிறு காடு நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது என்பது ஒரு விந்தை. உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1863ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கோபுரத்தில் ஏறலாம் என எண்ணி யாரும் போக வேண்டாம். அதன் அடியில் நின்று கடலைப் பார்ப்பதே போதிய காட்சி. 11 மணி கடந்ததும் கடலின் மேல் புள்ளிகள் தோன்றின. அருகே வர வர அவை தாழ்ந்து, மரங்களின் தலையை உரசும் அளவில் கரையேறின. கரையின் வெப்பக் காற்று கிடைத்ததும் சிறகசைக்காமலே வட்டமிட்டு மேலே சென்றன. மூத்தவன் நாற்பத்து மூன்று வரை எண்ணினான். இளையவளுக்குப் பாதியில் அலுப்புத் தட்டி, நாம் கொண்டு சென்ற பிஸ்கோத்தைக் குரங்குகளுக்குத் தெரியாமல் தின்பதில் கருத்தைச் செலுத்தினாள். ஒரு மணிக்கு இறங்கி விட்டோம்.

விடுதிக்குத் திரும்பிய போது அன்னையார் வாதுமை மர நிழலில், அங்கே துப்புரவு வேலை செய்யும் அம்மாள் ஒருவருடன் பேசிக் கொண்டிருந்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவராம். அத்தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகி விட்டதாம். இருவரும் பால்வாளியின் எடையைப் பற்றிப் பேசிச் சிரித்துக் கொண்டிருந்தனர். மனைவியார் அன்று முற்பகல் முழுதும் என்ன செய்தார் என்பதை நேயர்களுக்குச் சொல்ல இயலவில்லை. ஒன்றும் கேட்கலாகாது என்பது ஒப்பந்தம். ஆனால் அவர் முகத்தில் இருந்த தெளிவை நாம் நெடுநாளாகக் கண்டதில்லை என்பதை மட்டும் எழுதலாம். அன்று மாலை 4 மணிக்குத் தொடங்கிய மழை இரவு 8 மணி வரை விடவில்லை. இரண்டாம் மாலையும் போயிற்று.

வியாழக்கிழமை மலாக்காவுக்கு ஒதுக்கிய நாள். எஞ்சியது ஒரே மாலை. மலாக்காவை விட்டு விடலாமா என்று நாம் கேட்டோம். இளையவள் வாய் திறக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. அன்னையாரோ, "புள்ளைங்க பார்க்கட்டும், தம்பி. சூரியன் எங்கே போயிடும்?" என்றார். முடிவில் போவது என்றும், ஆனால் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் மாற்றுவது என்றும் தீர்மானித்தோம். விடுதியில் முன்னிரவே சொல்லி வைத்ததால் பசியாறலைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். காலை 6.30 மணிக்குப் புறப்பட்டு 8 மணிக்கு மலாக்காவில் இருந்தோம்.

அந்நேரத்தில் கூட்டம் இல்லை, வெயில் இல்லை. 1650ஆம் ஆண்டில் கட்டி முடிந்த டச்சு மாளிகையையும், 1753ஆம் ஆண்டுக் கிறிஸ்து ஆலயத்தையும், போர்த்துக்கீசியக் கோட்டையில் எஞ்சி நிற்கும் வாசலையும் இளையவள் தன் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்னையார் நடக்காமல் திரிஷா என்னும் மூன்று சக்கர வண்டியில் சுற்றி வந்தார். ஆற்றுக்கு அப்பால், கம்போங் கிளிங் பள்ளிவாசலும் சீனர் கோயிலான செங் ஹூன் தெங்கும் நிற்கும் அதே தெருவின் வரிசையில், 1781ஆம் ஆண்டில் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் உள்ளது. சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்காக இங்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் பேசித் தம் சமயத்தை விடாது வாழ்ந்து வரும் தமிழ் மரபினர் அவர்கள். நம் மூதாதையர் பால்மரத்துக்கு ஆளாக வந்தது மட்டுமே இந்நாட்டுத் தமிழர் சரித்திரம் என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இத்தெருவைக் காட்டுதல் அவசியம்.

ஆற்றில் படகு ஏற வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டனர். வரிசை நீண்டிருந்தது, மணி பன்னிரண்டரை. படகு இன்னொரு நாளைக்கு என்றோம். மூத்தவன், "பாட்டிக்காகவா?" என்று கேட்டான். "ஆம்" என்றோம். அதற்கு மேல் அவன் பேசவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக் கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். பெங்காலான் கெம்பாஸ் கற்களையும் இறங்கிப் பார்க்கவில்லை. 2.30 மணிக்கு விடுதியில் இருந்தோம். பிள்ளைகள் தூங்கி எழுந்து, நீர் ஏறிய வேளையில் குளிக்கவும் நேரம் இருந்தது.

மாலை 6 மணிக்கு ஏழாம் மைல். மேகம் மேலே இருந்தது. அடிவானத்தில் மட்டும் ஒரு கோடு போல் வானம் திறந்திருந்தது. 7.15 மணியளவில் சூரியன் மேகத்தை விட்டு அக்கோட்டுக்குள் இறங்கிற்று. நீர் முழுதும் செம்மை படர்ந்தது. கப்பல் ஒன்று குறுக்கே சென்றது. அன்னையார் பாயின் மீது கால்களை நீட்டியபடி அமர்ந்திருந்தார். பாதிச் சூரியன் நீருக்குள் போன போது, எங்கோ சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பின்னர் நம்மைப் பார்த்து, "நம்மளை இல்லே" என்று சொல்லிச் சிரித்து, மீண்டும் கடலை நோக்கித் திரும்பிக் கொண்டார். முழுதும் மறைந்த பின்னரும் இருட்டும் வரை அவர் எழவில்லை. யாரும் எழச் சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நாம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. நிதானமாகப் பசியாறி, அறையைக் கொடுத்து விட்டுப் புறப்பட்டோம்.

ஆங்கில வழிகாட்டியின் கணக்கில் பார்த்தால் நாம் கண்டது மூன்று இடம். காணாமல் விட்டது அதற்கும் மேல். தரைப்படை அருங்காட்சிச் சாலை, பழங்கற்கள், ஸ்ரீ மெனாந்தி அரண்மனை, மலாக்காப் படகு யாவும் அங்கேயே இருக்கின்றன. இன்னோராண்டு சேமித்தால் அவற்றையும் பார்க்கலாம். ஆனால் முதியவரின் முழங்கால் இன்னோராண்டு வரை பொறுத்திருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. எதை ஒத்தி வைக்கலாம், எதை ஒத்தி வைக்கலாகாது என்பதைப் பிரித்தறிவதே திட்டமிடுதலின் பயன் என்பது நமது கருத்து.

விடுப்பு எழுதிக் கொடுக்கும் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவன சில. வாரநாட்களில் போகுமாறு விடுப்பை அமைத்துக் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். அதையும் காலையில் முடியுங்கள். புகும் நாளையும் நீங்கும் நாளையும் முழு நாளாக எண்ணாதீர்கள். கடலேற்ற அட்டவணையைப் பாருங்கள். சமைத்துப் பரிமாறும் பெண்களுக்கும் ஒரு நாள் விடுப்புக் கொடுங்கள். அவர்களுடைய விடுப்புத் தாள் எந்தக் கிராணி மேசைக்கும் வருவதில்லை. வீடு திரும்பிய மறுநாளும் விடுப்பில் ஒரு நாளாக இருக்கட்டும். களைப்போடு பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாளை எடுத்து இடங்களின் பெயரை எழுதுவதற்கு முன், உடன் வருவோரின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் விரும்புவது யாது என்று அவரையே கேட்டு எழுதுங்கள். வயதில் மூத்தவரை இருமுறை கேளுங்கள். முதல் முறை கேட்கும் போது, ஒன்றும் வேண்டாம் என்றே அவர்கள் சொல்வார்கள்.